சூப்பர் பணத்தோடு கடனும் சேர்த்து வீடு வாங்குவது: ஆஸ்திரேலிய எஸ்எம்எஸ்எஃப் கடனுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்ப நண்பர் ஒருவர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். முந்தின நாள் சிட்னியின் டூங்காபியில் ஒரு யூனிட்டை (அடுக்குமாடி வீட்டை) ஏலத்தில் எடுத்திருந்தார்கள். "சூப்பர் காசுலதான் வாங்கப்போறோம் அண்ணா. எஸ்எம்எஸ்எஃப் இனிமேதான் ஆரம்பிக்கணும், நீங்கதான் வழி சொல்லணும்" என்றார் அந்தத் தங்கை. சூப்பர் என்பது முதலாளி நமக்காகக் கட்டும் ஓய்வூதியப் பணம்; எஸ்எம்எஸ்எஃப் என்பது அதை நாமே நடத்தும் நிதி. ஒப்பந்தத்தை வாங்கிப் பிரித்தேன். முதல் பக்கத்தில் 'வாங்குபவர்' என்ற கட்டத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தன. கீழே கையெழுத்து. முன்பணம் அவர்களுடைய சேமிப்புக் கணக்கிலிருந்து போயிருந்தது.

அந்த வீட்டை அவர்களுடைய சூப்பர் நிதி வாங்கவே முடியாது. ஏலத்தில் எடுத்ததால் நியூ சவுத் வேல்ஸில் மனம் மாறித் திரும்ப அவகாசமும் கிடையாது. தங்கள் பெயரில் வாங்கி அப்புறம் நிதிக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். குடியிருப்பு வீட்டை உறுப்பினரிடமிருந்து அவருடைய சொந்த நிதி வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. கடைசியில் அங்கே இங்கே புரட்டி, சொந்தப் பெயரில் கடன் வாங்கி முடித்தார்கள். அவர்கள் செய்த தவறு ஒன்றுதான்: கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்துவிட்டார்கள்.

இந்த நிதிகளின் கணக்கெழுதும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டேன். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இரண்டே காரணத்தால் வந்தவை. ஒன்று, காகிதங்களின் வரிசை மாறியது. இன்னொன்று, வீடு வாங்கிய பிறகு நிதியில் கைப்பணம் இல்லாமல் போனது. அதனால் இந்த வழிகாட்டியை அந்த இரண்டையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். இதில் உள்ள தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கானவை.

முதலில், இது என்ன ஏற்பாடு?

வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் முதலாளி கட்டும் சூப்பர், 2025 ஜூலை 1 முதல் சம்பளத்தில் 12 சதவீதம். பெரும்பாலானோர் அதைப் பெரிய நிதிகளிடம் விட்டுவிடுகிறார்கள். நாமே டிரஸ்டியாக இருந்து நடத்துவதுதான் எஸ்எம்எஸ்எஃப், அதாவது சுயநிர்வாக ஓய்வூதிய நிதி. 2021 ஜூலை 1 முதல் இதில் ஆறு பேர் வரை உறுப்பினராகலாம்; அதற்கு முன் நான்கு பேர்தான். மேற்பார்வை வரி அலுவலகத்துடையது. ஆஸ்திரேலியா முழுவதும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட நிதிகள் இப்படி நடக்கின்றன.

சூப்பர் நிதி கடன் வாங்கக்கூடாது என்பதுதான் அடிப்படை விதி. 1993-ஆம் ஆண்டின் சூப்பர் மேற்பார்வைச் சட்டம் 67-ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. 2007 செப்டம்பரில் அதற்கு ஒரு விதிவிலக்கு வந்தது. 2010 ஜூலை 7 முதல் 67ஏ, 67பி என்ற பிரிவுகளாக அது இறுக்கி எழுதப்பட்டது. இந்த விதிவிலக்கின்படி வாங்கும் கடனைத்தான் இங்கே எல்.ஆர்.பி.ஏ. என்கிறோம். 2014-இல் டேவிட் மர்ரே தலைமையில் நடந்த நிதித்துறை விசாரணை இதை நிறுத்தும்படி பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை.

இதன் சாரம் எளிது. வாங்கும் சொத்து நேரடியாக நிதியின் பெயரில் வராது. அதற்கென்றே வைத்த தனி நிறுவனம் ஒன்று நிதிக்காக அதைத் தன் பெயரில் வைத்திருக்கும். இந்த ஏற்பாட்டை 'பேர் டிரஸ்ட்' (bare trust) என்கிறார்கள், அந்த நிறுவனத்தைக் கஸ்டோடியன் என்கிறார்கள். நிதி தவணை கட்டாமல் போனால் கடன் கொடுத்தவர் அந்த ஒரு சொத்தை மட்டுமே எடுக்கலாம். நிதியில் உள்ள மற்ற பணத்தையும் பங்குகளையும் தொட முடியாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடன் கொடுப்பவர்கள் பொதுவாக உறுப்பினர்களிடம் தனிப்பட்ட உத்தரவாதமும் எழுதி வாங்குகிறார்கள். அதில் கையெழுத்துப் போட்டால், நிதிக்கு உள்ள பாதுகாப்பு உங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது வேறு, பின்னால் தெரிந்துகொள்வது வேறு.

படி 1: வீட்டைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கணவன் சம்பளம் 95,000 டாலர், மனைவி சம்பளம் 80,000. இருவர் சூப்பரும் சேர்ந்து 3,20,000. சிட்னியில் 6,00,000 டாலருக்கு ஒரு யூனிட். நிதியிலிருந்து 30 சதவீதம், அதாவது 1,80,000. ஸ்டாம்ப் டியூட்டி ஏறக்குறைய 21,500. நிறுவனங்கள், டீட் எனும் டிரஸ்ட் பத்திரம், வக்கீல், கடன் விண்ணப்பம் எல்லாம் சேர்த்து 8,000 என்று வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது 1,10,500.

கடன் 4,20,000. வட்டி 7.5 சதவீதம், 25 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 3,104, வருடத்துக்கு 37,245. வாடகை வாரம் 550 என்று வைத்து, இரண்டு வாரம் காலியாகக் கிடந்தால் வருடத்துக்கு 27,500. ஏஜென்ட் கமிஷன், ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம்), கவுன்சில் வரி, தண்ணீர், இன்சூரன்ஸ், சில்லறை ரிப்பேர் என்று 7,500 போய்விடும். மிச்சம் 20,000. அதாவது தவணைக்கு 17,245 குறைகிறது. கணக்கு, ஆடிட், வரி அலுவலகக் கட்டணத்துக்கு ஒரு 3,500 சேர்த்தால் வருடத்துக்கு 20,745 துண்டு விழுகிறது.

அதை எது நிரப்பும்? முதலாளிகள் கட்டும் சூப்பர். 12 சதவீதம் என்றால் இருவருக்கும் சேர்த்து 21,000. அதற்கு 15 சதவீத வரி உண்டு. ஆனால் முதல் வருட வட்டியான சுமார் 31,300 டாலரும் மற்ற செலவுகளும் வாடகையைத் தாண்டி 14,800 நஷ்டம் காட்டும். அது அந்த 21,000-இல் கழிந்து மீதி 6,200-க்கு மட்டுமே வரி, 930 டாலர். கைக்கு வருவது 20,070. துண்டு 20,745. கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

இருவருக்கும் வேலை இருக்கும்வரைதான் இந்தச் சரிக்குச் சரி. மனைவி ஒரு வருடம் பிரசவ விடுப்பில் இருந்து, அந்தக் காலத்தில் அவருக்குச் சூப்பர் வராமல் போனால் துண்டு 9,300-ஐத் தாண்டும். அதே வருடம் வாடகைக்காரர் போய் மூன்று மாதம் வீடு காலியாகக் கிடந்தால் இன்னும் 5,000, 6,000 போகும். 1,10,500 கையிருப்பு உள்ளவர் இதைத் தாங்குவார். இதே வீட்டை 2,20,000 சூப்பர் உள்ளவர் வாங்கியிருந்தால் கையில் 10,500-தான் இருந்திருக்கும். அந்த ஒரு வருடத்திலேயே நிதி வறண்டுவிடும். வெளியிலிருந்து பணம் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் அதற்கும் உச்சவரம்பு உண்டு: முதலாளி கட்டுவதையும் சேர்த்து, வரிக்கழிவு கேட்கும் பங்களிப்பு ஆளுக்கு வருடம் 30,000 வரை, வரி கட்டிய சொந்தப் பணம் 1,20,000 வரை. உள்ளே போட்ட பணம் ஓய்வுக்காலம்வரை வெளியே வராது.

உங்கள் எண்களை வைத்து இதே கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். வட்டி 2 சதவீதம் கூடினால், ஒருவர் வேலை ஆறு மாதம் இல்லாமல் போனால் என்று இரண்டு முறை திருப்பிப் போடுங்கள். இரண்டிலும் மூன்று வருடம் நிதி தாங்காது என்றால் இந்த யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. "நஷ்டத்தைச் சம்பள வரியில் கழிக்கலாம்" என்று நினைத்து வருபவர்கள் நிறைய. சொந்தப் பெயரில் வாங்கிய வீட்டுக்கு நடப்பது அது. நிதிக்குள் வரும் நஷ்டம் நிதிக்குள்ளேயே கிடக்கும். அதன் மதிப்பு 15 சதவீத வரியில் கிடைக்கும் கழிவுதான். லாபம் பின்னால் இருக்கிறது: 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் மூலதன லாப வரி நடைமுறையில் 10 சதவீதம். ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கிய பிறகு, 20 லட்சம் டாலர் வரம்புக்குள் ஓய்வூதியத்துக்கு ஒதுக்கிய சொத்தில் வரும் வருமானத்துக்கு நிதி வரி கட்டுவதில்லை.

படி 2: யாரிடம் ஆலோசனை கேட்பது

எஸ்எம்எஸ்எஃப் தொடங்கலாமா வேண்டாமா என்று சொல்ல நிதிச் சேவை உரிமம் வேண்டும். கணக்காளர்களுக்கு இருந்த விலக்கு 2016 ஜூலையோடு முடிந்தது. உரிமம் இருக்கிறதா என்று மணிஸ்மார்ட் தளத்திலுள்ள ஆலோசகர் பட்டியலில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நிதி தொடங்கித் தருகிறோம், கடனும் நாங்களே, வீடும் நாங்களே என்று ஒரே கூரையின்கீழ் எல்லாம் தருபவர்களிடம் மிகவும் ஜாக்கிரதையாக இருங்கள். இலவசச் சாப்பாட்டோடு கருத்தரங்கு, கோயில் திருவிழாவில் ஸ்டால், "உங்க சூப்பர் சும்மாதானே தூங்குது" என்ற தொலைபேசி அழைப்பு. கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆசிக் ஆணையம் இவர்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அவர்களுக்குக் கமிஷன் வீட்டை விற்கும் கட்டுமானக் கம்பெனியிடமிருந்து வரும். அந்தக் கமிஷன் எங்கிருந்து வந்திருக்கும் என்றால், வீட்டு விலையிலிருந்துதான். வீட்டை மதிப்பிட, கடன் பேச, டீட் எழுத என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆட்களை வையுங்கள்.

படி 3: நிதியைத் தொடங்குதல்

டிரஸ்டியாகத் தனிநபர்கள் இருக்கலாம் என்று சட்டம் அனுமதித்தாலும், கடன் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒரு நிறுவனத்தையே டிரஸ்டியாக வையுங்கள். கடன் கொடுப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள். தவறு நடந்து அபராதம் விழுந்தாலும் நிறுவனத்துக்கு ஒன்றுதான் விழும். தனிநபர் டிரஸ்டிகளுக்கு ஆளுக்கொன்றாக விழும். கடன் விதியை மீறினால் 60 அபராத அலகு. 2024 நவம்பர் 7 முதல் ஒரு அலகு 330 டாலர். 19,800 டாலரை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்டவேண்டும், நிதியிலிருந்து எடுக்க முடியாது.

உறுப்பினர்கள் எல்லோரும் அந்த நிறுவனத்தின் இயக்குநர்களாக இருக்கவேண்டும். இயக்குநராவதற்கு முன்பே ஒவ்வொருவரும் டைரக்டர் ஐடி எனும் அடையாள எண் எடுக்கவேண்டும். அப்புறம் டிரஸ்ட் டீட். அதில் கடன் வாங்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய டீட் வைத்திருப்பவர்கள் முக்கியமாகப் பார்க்கவேண்டியது இது. நிதிக்கு ஏபிஎன் (தொழில் பதிவு எண்), வரி எண், தனி வங்கிக் கணக்கு, பணம் மாற்றும் செய்திகளுக்கான மின்னணு முகவரி எல்லாம் வேண்டும். வரி அலுவலகத்தின் பட்டியலில் நிதியின் பெயர் ஏறிய பிறகுதான் பழைய நிதி பணத்தை அனுப்பும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம், அவசரப்பட்டுப் பயனில்லை.

படி 4: முதலீட்டுத் திட்டம்

இதை ஒரு சடங்காக எழுதி வைப்பவர்கள்தான் அதிகம். "சொத்து 0 முதல் 100 சதவீதம்" என்று எழுதிய திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2019-இல், ஒரே சொத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் போட்டிருந்த சுமார் 17,700 நிதிகளுக்கு வரி அலுவலகம் கடிதம் அனுப்பியது. திட்டம் இல்லையென்றால் 4,200 டாலர் வரை அபராதம் என்று அப்போது எச்சரித்தது. ஒரே வீட்டில் போடுவது குற்றமில்லை. ஏன் அப்படிப் போட்டோம், தவணைக்குப் பணம் எங்கிருந்து வரும், வீடு காலியானால் என்ன செய்வோம், ஒரு உறுப்பினர் இறந்தால் அவர் பங்கை எப்படிக் கொடுப்போம் என்று எழுதியிருக்கவேண்டும். படி 1-இல் போட்ட தாளையே இதோடு இணைத்துவிடுங்கள். ஆடிட்டருக்கும் அதுதான் வேண்டும்.

படி 5: பழைய சூப்பரை மாற்றுமுன் இன்சூரன்ஸைப் பாருங்கள்

எனக்கு மிகவும் மனக்கவலை தரும் படி இதுதான். பழைய நிதியை மூடிவிட்டு முழுப் பணத்தையும் எடுத்துவந்தால், அதோடு ஒட்டியிருந்த ஆயுள் காப்பீடும், நிரந்தர ஊனக் காப்பீடும் அன்றே போய்விடும். கடன் தலையில் ஏறும் அதே மாதத்தில் காப்பீடு இல்லாமல் நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம் வந்த பிறகு புதிதாகக் காப்பீடு எடுக்கப் போனால் விலையும் ஏறும், சிலருக்குக் கிடைக்கவும் கிடைக்காது.

அதனால் பழைய நிதியில் கொஞ்சம் பணத்தை விட்டுவையுங்கள். 6,000 டாலருக்கு மேல் இருக்கட்டும். 16 மாதம் தொடர்ந்து பங்களிப்பு எதுவும் வராவிட்டால் காப்பீடு தானாக நின்றுவிடும். நிறுத்த வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டால் தொடரும். புதுக் காப்பீடு எடுப்பதென்றால் அது கையில் வந்த பிறகு பழையதை விடுங்கள்.

இன்னொரு இழப்பும் உண்டு. பெரிய நிதிகளில் மோசடியோ திருட்டோ நடந்தால் அரசு இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. எஸ்எம்எஸ்எஃப்-க்கு அது கிடையாது.

படி 6: கடன் ஒப்புதல்

2018-இல் வெஸ்ட்பேக்கும் காமன்வெல்த் வங்கியும் இந்தக் கடனைப் புதிதாகக் கொடுப்பதை நிறுத்தின. இப்போது பெரும்பாலும் சிறிய வங்கிகளும் வங்கியல்லாத கடன் நிறுவனங்களும்தான் கொடுக்கின்றன. வட்டி சாதாரண வீட்டுக்கடனைவிடக் கூடுதலாக இருக்கும். வீட்டு விலையில் எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதும் குறைவு. 70 முதல் 80-க்குள் எதிர்பாருங்கள். வாங்கிய பிறகும் நிதியில் இவ்வளவு ரொக்கம் இருக்கவேண்டும் என்று சிலர் நிபந்தனை போடுவார்கள். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள்.

புரோக்கரிடம் ஆஃப்செட் கணக்கு (கடனோடு இணைந்த சேமிப்புக் கணக்கு) உண்டா என்று கேளுங்கள். மாதாமாதம் வரும் சூப்பரையும் வாடகையையும் அதில் போட்டால் வட்டி குறையும், பணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கடனில் கூடுதலாகக் கட்டிவிட்டுத் திரும்ப எடுப்பது அப்படியல்ல. திரும்ப எடுத்தால் அது புதுக் கடன், அதை எதற்குச் செலவழிக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் சொந்த வீட்டுக்கடன் உள்ள இடத்திலேயே இதையும் எடுத்தால் இரண்டையும் பிணைக்கும் வரிகள் ஆவணத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நிதியின் வேறு எந்தச் சொத்தையும் இந்தக் கடனுக்கு அடமானம் வைக்கக்கூடாது.

படி 7: எந்தச் சொத்தை வாங்கலாம்

குடியிருப்பு வீடு என்றால் அதில் நீங்கள் குடியிருக்கக்கூடாது, ஒரு வார இறுதிக்குக்கூடத் தங்கக்கூடாது. உறவினருக்கு வாடகைக்கு விடவும் கூடாது, முழுச் சந்தை வாடகை கொடுத்தாலும். நம் வீடுகளில் இதுதான் அடிக்கடி வழுக்கும் இடம். ஊரிலிருந்து படிக்க வந்த அக்கா மகன் யூனிட் தேடிக்கொண்டிருப்பான், நம் யூனிட் காலியாக இருக்கும். கொடுக்கக்கூடாது. பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, சித்தப்பா, மாமா, அத்தை, அண்ணன் அக்கா பிள்ளைகள், மனைவி வழியில் அதே உறவுகள், இவர்கள் எல்லோருடைய கணவன் மனைவியர் என்று அத்தனை பேரும் சட்டத்தின் 'உறவினர்' பட்டியலில் வருகிறார்கள்.

முழுக்க வியாபாரத்துக்குப் பயன்படும் இடம் என்றால் கதை வேறு. நீங்கள் மருத்துவராக இருந்து கிளினிக் இடத்தையோ, மளிகைக்கடை வைத்திருந்து கடையையோ உங்கள் நிதி வாங்கலாம். உங்களிடமிருந்தே சந்தை விலைக்கு வாங்கலாம், உங்கள் வியாபாரத்துக்கே வாடகைக்கு விடலாம். எழுத்தில் குத்தகை, சந்தை வாடகை, ஒவ்வொரு மாதமும் தவறாமல் பணம் வரவேண்டும். "நம்ம கடைதானே, அடுத்த மாசம் சேர்த்துப் போடலாம்" என்பது நடக்காது. இந்த ஏற்பாடு உண்மையாகவே பொருந்துவது இப்படிச் சொந்தத் தொழில் வைத்திருப்பவர்களுக்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு கடன், ஒரு சொத்து. இதுவும் முக்கியம். யூனிட்டுக்கு ஒரு பட்டா, கார் நிறுத்துமிடத்துக்குத் தனிப் பட்டா, இரண்டையும் தனித்தனியே விற்கமுடியும் என்றால் அது இரண்டு சொத்து. இரண்டு கடன், இரண்டு டிரஸ்ட் வேண்டும். காலி மனையைக் கடனில் வாங்கி வீடு கட்டுவது முடியாது, ஏனென்றால் மனை வீடாகும்போது சொத்தே மாறிவிடுகிறது. மனைக்கு ஒன்று, கட்டுவதற்கு ஒன்று என்று இரண்டு ஒப்பந்தமாக வரும் 'ஹவுஸ் அண்ட் லேண்ட்' பேக்கேஜும் அதே காரணத்தால் ஆகாது. கட்டி முடித்த வீட்டை ஒரே ஒப்பந்தத்தில் ஒப்படைத்தால் சரி.

படி 8: கஸ்டோடியனும் ஒப்பந்தமும்

இப்போதுதான் வீட்டுக்கே வருகிறோம். கஸ்டோடியனாக இன்னொரு நிறுவனம் வேண்டும். நிதியின் டிரஸ்டி நிறுவனமே அதுவாகவும் இருக்க முடியாது. ஏலத்துக்குப் போவதாக இருந்தால் இந்த நிறுவனம் அதற்கு முன்பே பதிவாகியிருக்கவேண்டும்.

ஒப்பந்தத்தில் வாங்குபவராக வரவேண்டியது இந்தக் கஸ்டோடியன் நிறுவனம். உங்கள் பெயரும் இல்லை, நிதியின் பெயரும் இல்லை. பேர் டிரஸ்ட் டீடில் ஒப்பந்தத்துக்கு முன் கையெழுத்திடவேண்டுமா, பின்னா, பெயருக்குப் பக்கத்தில் 'டிரஸ்டியாக' என்று எழுதலாமா கூடாதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தப்பினால் ஸ்டாம்ப் டியூட்டி இரண்டு முறை கட்ட நேரிடும். சொத்து எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே இந்த வேலையில் பழகிய கன்வேயன்சரிடம் (சொத்துப் பத்திர வேலை பார்ப்பவரிடம்) எழுத்தில் பதில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

முன்பணம் நிதியின் வங்கிக் கணக்கிலிருந்தே போகவேண்டும். ஏலத்தில் ஜெயித்த அவசரத்தில் சொந்த கார்டைத் தேய்த்துவிட்டால், பணம் யாருடையது என்ற கேள்வி இருபது வருடம் கழித்தும் வரும். செட்டில்மென்ட் அன்று (வீடு கைமாறும் நாளில்) மீதிப் பணமும் நிதியிலிருந்து, கடன் தொகை கடன் கொடுப்பவரிடமிருந்து, பத்திரம் கஸ்டோடியன் பெயரில்.

படி 9: வாங்கிய பிறகு

வாடகை நிதியின் கணக்குக்கு வரட்டும், செலவும் அங்கிருந்தே போகட்டும். ஏஜென்டிடம் ஒப்பந்தம் போடும்போதே அந்தக் கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

வீட்டில் கைவைப்பதற்கு முன் ஒரு கேள்வி: இது ரிப்பேரா, மேம்பாடா? 2012-இல் வந்த வரி அலுவலகத் தீர்ப்புரை இதை விவரமாகச் சொல்கிறது. தீயில் எரிந்த சமையலறையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ரிப்பேர். கடன் பணத்தில் செய்யலாம். நீச்சல்குளம் கட்டுவது, அறை சேர்ப்பது மேம்பாடு. கடன் பணம் ஆகாது, நிதியின் சொந்தப் பணத்தில் செய்யலாம். பின்புறத்தில் கிரானி ஃப்ளாட் எனும் சிறு தனிவீடு கட்டினாலும் அது குடியிருப்பு வீடாகவே இருப்பதால் சொந்தப் பணத்தில் தடையில்லை. ஆனால் வீட்டை இடித்து மூன்று யூனிட் எழுப்புவது, மனையை இரண்டாகப் பிரிப்பது, வீட்டை உணவகமாக மாற்றுவது எல்லாம் கடன் தீரும்வரை எந்தப் பணத்திலும் கூடாது.

ஒவ்வொரு ஜூன் 30-க்கும் சந்தை மதிப்பு, அதற்கு ஆதாரம், சார்பற்ற ஆடிட்டரின் தணிக்கை, வருடாந்திர ரிட்டர்ன், 259 டாலர் மேற்பார்வைக் கட்டணம். முதல் வருடம் மட்டும் 518. பெரிய மீறல்களை ஆடிட்டர் வரி அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

வங்கிக்குப் பதில் நாமே நிதிக்குக் கடன் கொடுத்தால்?

கொடுக்கலாம். ஆனால் வெளியார் கொடுப்பதுபோலவே கொடுக்கவேண்டும். 2016-இல் வந்த வழிகாட்டு முறையில் வரி அலுவலகம் பாதுகாப்பான எல்லைகளைச் சொல்லியிருக்கிறது: சொத்து விலையில் 70 சதவீதம் வரை, 15 வருடத்துக்குள், மாதாமாதம் அசலும் வட்டியும், பதிவுசெய்த அடமானம். வட்டி விகிதம் ஒவ்வொரு வருடமும் மாறும், 2024-25-க்கு 9.35 சதவீதம், 2025-26-க்கு 8.95. குறைந்த வட்டிக்குக் கொடுத்து உதவுகிறோம் என்று நினைத்தால், அந்தச் சொத்தின் வருமானத்துக்கும் லாபத்துக்கும் 45 சதவீத வரி விழக்கூடும்.

படி 10: வெளியே வரும் வழி

60 வயதாகி ஓய்வு பெற்று ஓய்வூதியம் தொடங்கினால் வருடத்துக்குக் குறைந்தபட்சம் 4 சதவீதம் எடுத்தே ஆகவேண்டும், 65-இல் அது 5 ஆகும். வீட்டில் ஒரு அறையை விற்று ஓய்வூதியம் எடுக்க முடியாது. ஆகவே 60-க்குள் கடன் எவ்வளவு இறங்கியிருக்கும், வாடகை மட்டும் அந்தச் சதவீதத்தைக் கொடுக்குமா என்று இப்போதே பாருங்கள். 50 வயதில் 25 வருடக் கடன் எடுப்பவர்களுக்கு நான் இதை இரண்டு முறை சொல்வேன். உறுப்பினர் ஒருவர் இறந்தால் அவர் பங்கைக் கொடுக்க வீட்டையே விற்கும் நிலை வரலாம். அங்கேயும் அந்தக் காப்பீடும் கையிருப்பும்தான் துணை. கணவன் மனைவி பிரிந்தாலும் இதே சிக்கல்தான்.

கடன் தீர்ந்துவிட்டால் பத்திரத்தை உடனே நிதியின் பெயருக்கு மாற்றவேண்டும் என்று கட்டாயமில்லை, கஸ்டோடியன் பெயரிலேயே இருக்கலாம். மாற்றும்போது முழு ஸ்டாம்ப் டியூட்டியைத் தவிர்க்க, ஆரம்பத்திலிருந்தே இது நிதியின் பணத்தில் வாங்கியது என்று காட்டவேண்டியிருக்கும். முத்திரையிட்ட அசல் பேர் டிரஸ்ட் டீட், விற்பனை ஒப்பந்தம், முன்பணம் போன அன்றைய நிதி வங்கிக் கணக்கின் தாள், செட்டில்மென்ட் கணக்கு ஆகிய நான்கையும் ஒரு ஃபைலில் போட்டு, ஸ்கேன் செய்து பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். அந்த ஃபைலைத் தேடும் நாளில் உங்கள் கன்வேயன்சர் தொழிலை விட்டிருக்கலாம், வங்கியும் பழைய கணக்குத் தாள்களை அழித்திருக்கலாம்.